நாலாம் பகுதி முடியும்வரை

முதல் அடியை ஸென்ஸி, சிம்ஃபனியின் முதல் பகுதி முடிவதற்குள்ளேயே கொடுத்துவிட்டாள். வாங்கியவர் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு தபால் அதிகாரி. அவர் செய்தது இவ்வளவுதான்: பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, பூனை வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குகிறார்களா என்று கேட்டுச் சிரித்தார். பின் வரிசையிலிருந்து ஒரு கை வந்து அவர் காலரைப் பிடித்தது. இன்னொரு கை பிடரியில் இறங்கியது. மனிதர் முன்னிருக்கையில் மூக்கை இடித்துக்கொண்டு, கண்ணாடி எங்கே விழுந்தது என்று தரையைத் தடவினார். திரும்பிப் பார்த்தால், கறுப்புப் பட்டு கவுன் போட்ட தாட்டியான ஒரு பெண்பிள்ளை மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புருவத்தைத் தூக்கி, என்ன என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டார்.

ஒன்றுமில்லைதான். வியன்னாவின் பெரிய சந்தையில் இருபது வருஷமாக மாட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவள் ஸென்ஸி. புருஷனைப் புதைத்த மறுநாளே வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்தவள். அவள் கை பட்டால் எப்படி இருக்கும் என்று சந்தையில் எல்லாருக்கும் தெரியும், அந்தத் தபால் அதிகாரிக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது அவள் தம்பி அம்ப்ரோஸ் எழுதிய சிம்ஃபனி. எண்பத்தாறு பேர் உட்கார்ந்து வாசிக்கிற பெரிய சமாச்சாரம். அதில் ஒரு வரி அவளுக்குப் புரிந்ததா என்றால், சத்தியமாக இல்லை. அவளுக்கு இசை என்றால் ராணுவ பாண்டு, இல்லாவிட்டால் கல்யாணத்தில் வாசிக்கிற வால்ட்ஸ். தபால் அதிகாரி சொன்ன பூனை வால் விஷயம் அவளுக்கே முதல் நிமிஷத்தில் தோன்றியதுதான். அதனால் என்ன? தம்பி எழுதியது. அதைக் கடைசிவரை வாசித்தாக வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

இந்த அம்ப்ரோஸை ஊர் ஒரு காலத்தில் தலையில் வைத்துக் கொண்டாடியது. இருபத்தைந்து வயதில் அவன் எழுதிய பாட்டுகளைக் கேட்டு அழாத வீடு கிடையாது. நகர்மன்றத்துப் பெரிய மனிதர்களின் மனைவிமார்கள் அவன் கைப்பட ஒரு வரி எழுதி வாங்க வரிசையில் நின்றார்கள். பிறகு என்ன வந்ததோ, அந்த இனிப்பு தனக்கே திகட்டிவிட்டது என்று சொல்லிவிட்டு வேறு மாதிரி எழுத ஆரம்பித்தான். எந்த வரி எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்க முடியாத இசை. முன்னே அழுத அதே ஆட்கள் இப்போது பல்லைக் கடித்தார்கள். தங்களை ஏமாற்றிவிட்டான் என்று அவர்களுக்குக் கோபம். நியாயமான கோபமாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? அதுதான் எங்கள் ஊரில் நடக்காது. பிடிக்காத இசைக்கு முதல் ஆளாக வந்து உட்காருவோம். உட்கார்ந்து, பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுப்போம். தண்டு உள்ளே துளையாக இருக்கிற பெரிய சாவி. அதைக் கீழுதட்டில் வைத்து ஊதினால் காதைக் கிழிக்கிற ஒரு விசில் வரும். ஐம்பது பேர் சேர்ந்து ஊதினால் எண்பத்தாறு பேர் வாசிப்பதும் கேட்காது. அப்படித்தான் ஆறு வருஷமாக அம்ப்ரோஸ் எழுதியது எல்லாவற்றையும் நடுவிலேயே நிறுத்தினார்கள்.

போன வருஷம் பதினோராவது நிமிஷத்தில் நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸென்ஸியின் வெட்டுக்கத்தியை எடுத்துத் தன் பியானோவைக் கொத்தத் தொடங்கினான். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஒன்று அவன் கன்னத்தை வாயோரம்வரை கிழித்தது. அவன் நிறுத்தவில்லை. ஸென்ஸி பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து, கத்தியைப் பிடுங்க வேண்டியிருந்தது. பியானோ போனால் போகட்டும், அவள் அதற்குப் பயப்படவில்லை. கத்தியைப் பிடுங்கும்போது அவன் கழுத்தைக் காட்டி, "இங்க ஒண்ணு போடேன் அக்கா" என்றான். அதற்குத்தான் பயந்தாள். அடுத்த மூன்று மாதம் கத்தியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அவனை அவள்தான் வளர்த்தாள். அம்மா போனபோது அவளுக்குப் பதினாலு, அவனுக்கு ஆறு. அந்த வருஷமே அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்து இடது காது செத்துப்போயிற்று. வலது காது ஒன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் எழுதினான். அவனோடு நடக்கிறவர்கள் எல்லாரும் வலது பக்கமாக நடக்கப் பழகியிருந்தார்கள்.

இந்த சிம்ஃபனியை எழுதி முடித்த அன்று கடைக்கு வந்து, ரத்தம் படிந்த வெட்டுக்கட்டைமேல் தாள்களை வைத்தான். நாலு பகுதி. நாலாவதுதான் எனக்கு வேண்டியது, மற்ற மூன்றும் அதற்குப் போகிற வழி என்றான்.

"இதையும் நடுவுல நிறுத்துனாங்கன்னா, நான் இருக்கமாட்டேன் அக்கா. சும்மா சொல்லல."

"முடியறவரைக்கும் வாசிப்பாங்க. நான் பாத்துக்கறேன், நீ போடா" என்றாள் ஸென்ஸி.

பார்த்துக்கொள்வது என்றால் அவளுக்கு ஒரு வழிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரிக்குச் சந்தையிலிருந்து பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பீர்ப் பீப்பாய் உருட்டுகிறவன், மீன் வண்டிக்காரன், உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவன். எல்லாரும் சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டன் மூச்சை அடைக்க, மண்டபம் முழுக்க ஒருவர் இருவராகச் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். பீப்பாய்க்கார ஃபெர்டல்தான் அவர்களுக்குத் தலைவன். ஒரு வாரம் முன்னாலேயே இது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற லோத்தர் காதுக்கு எட்டி, நல்ல மனுஷன், கடைக்கே வந்து கெஞ்சினார். அடிதடி எல்லாம் வேண்டாம், இசைக்கே கெட்ட பேர் வந்துவிடும் என்றார். ஈரல் நறுக்கிக்கொண்டிருந்த ஸென்ஸி, வராத கெட்ட பேர் இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதல் பகுதி, தபால் அதிகாரியின் மூக்கோடு போயிற்று. இரண்டாவதில் சாவிகள் வெளியே வந்தன. முதலில் மேல் மாடத்திலிருந்து ஒன்று, பிறகு ஓரத்து வரிசைகளிலிருந்து ஏழெட்டு. ஃபெர்டலின் ஆட்கள் எழுந்தார்கள். சாவியை உதட்டில் வைத்திருந்த ஒரு நோட்டரியின் வாயில் மீன் வண்டிக்காரன் உள்ளங்கையால் ஒரு குத்துவிட்டான். சாவி பல்லை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அந்த ஆள் ரத்தத்தோடு சாவியைத் துப்பி, சாவியையும் பல்லையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் மனைவி அலறவில்லை. தொப்பியிலிருந்து நீள ஊசியை உருவி, பக்கத்தில் நின்ற ஃபெர்டலின் மேல்கையில் கடைசிவரை இறக்கினாள். ஃபெர்டல் ஒரு பெண்பிள்ளையைத் திருப்பி அடிக்கமாட்டான். ஊசியைப் பிடுங்கி மரியாதையாக அவளிடமே கொடுத்துவிட்டு, அவள் புருஷனுக்கு இன்னொன்று வைத்தான்.

மூன்றாம் பகுதியை யாரும் கேட்டதாகச் சொல்ல முடியாது. வாசித்தார்கள், அவ்வளவுதான். லோத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு கைகளை வீசிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலாக ஒரு குடை பறந்து வந்து இரண்டாம் வரிசை வயலின்காரரின் நெற்றியைப் பிளந்தது. அவர் ஒரு கையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்தார். கீழே நாற்காலிகள் உடைந்தன. உடைந்த நாற்காலிக் கால்கள் கைக்குக் கை மாறின. படித்த மனிதர்கள், பேராசிரியர்கள், தாடியை வாரிச் சீவிக்கொண்டு வந்தவர்கள், ஒருவர் தாடியை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். இசை பிடித்தவன் யார், பிடிக்காதவன் யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. கை நீளுகிற தூரத்தில் இருந்தவன் அடி வாங்கினான்.

இத்தனைக்கும் நடுவே, விமரிசகர் டாக்டர் பால்டுவின் இருக்கைமேல் ஏறி நின்றார். ஆறு வருஷமாக அம்ப்ரோஸைப் பத்திரிகையில் கிழித்தவர். கையைத் தூக்கி, இந்த இசையை எழுதினவனையும் வாசிக்கிறவர்களையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மேடை விளக்கை அணையுங்கள் என்று கத்தினார். நாலு பேர் விளக்கு விசையை நோக்கி ஓடினார்கள்.

ஸென்ஸிக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. கவுனை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு வரிசை இருக்கைகளைத் தாண்டினாள். பால்டுவினின் கணுக்காலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அவர் முகவாய் இருக்கையின் மரவிளிம்பில் மோதி, மனிதர் மடங்கி விழுந்தார். அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மார்மேல் முழங்காலை வைத்து அழுத்தி, ஆறு வருஷத்தையும் கணக்குத் தீர்க்கிற மாதிரி அடித்தாள். மூக்கு எலும்பு நொறுங்குகிற சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம்தான். அதில் ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ஃபெர்டல் வந்து, "செத்துடப் போறான், விடும்மா" என்று இடுப்பைப் பிடித்துத் தூக்கினான்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மேடைமேல் ஏறி, கச்சேரி முடிந்தது, எல்லாரும் கலைந்து போங்கள் என்றார். லோத்தர் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பினார். சட்டை முழுக்க வியர்வை, முகத்தில் உயிரே இல்லை. இன்னும் ஒரு பகுதிதான் பாக்கி, பதினான்கு நிமிஷம், போகிறவர்கள் போகட்டும், இருக்கிறவர்களுக்கு வாசித்துவிடுகிறோம் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் யோசித்தார். கிழிந்த கையும் வீங்கிய உதடுமாக ஸென்ஸி மேடையடியில் வந்து நின்றாள். அவள் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள்.

"பதினாலு நிமிஷங்க ஐயா. அப்புறம் என்னை எந்த ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க. அது முடியலைன்னா எந்தம்பி இருக்கமாட்டான்."

இன்ஸ்பெக்டர் அவளையும், தூக்கிச் செல்லப்படுகிற பால்டுவினையும் பார்த்தார். சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு சாவிச் சத்தம் கேட்டாலும் சரி, விளக்கை அணைச்சு மண்டபத்தைக் காலி பண்ணிடுவேன்."

பாதிக் கூட்டம் போய்விட்டது. மீதி இருந்தவர்கள் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். ஸென்ஸி ஒரு கணமும் சும்மா இருக்கவில்லை. ஃபெர்டலிடம், கீழே நீ பார்த்துக்கொள், சாவியோடு எவன் கை மேலே போனாலும் கேள்வி கேட்காதே, முதலில் அடி என்றாள். மேல் மாடத்தில் நின்று கேட்கிற இடம்தான் மோசம், விசில் எப்போதும் அங்கிருந்துதான் கிளம்பும். அங்கே தானே போய் நின்றுகொண்டாள். பின்சுவரை ஒட்டிப் பெரிய பெரிய தூண்கள், பகலிலேயே இருட்டு. இருபது முப்பது பேர் அங்கங்கே நின்றார்கள். ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டு மெல்ல நடந்தாள். தம்பி மேடைக்குப் பின்னால், வாசிக்கிறவர்கள் ஓய்வெடுக்கிற அறையில் பத்திரமாக இருக்கிறான் என்று நினைத்தாள். கச்சேரிக்கு முன்னால் அங்கேதான் அவனை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

நாலாம் பகுதி ஆரம்பித்தது. வயலின்கள் மட்டும், அதுவும் மிக மெல்ல. மண்டபத்தில் ஒருவர் அசையவில்லை. இசையைக் கேட்கிற அமைதி இல்லை அது, எப்போது யார் ஊதுவான் என்று காத்திருக்கிற அமைதி. இன்ஸ்பெக்டர் விளக்கு விசைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் போயிற்று. ஒவ்வொரு நிமிஷமும் ஸென்ஸி ஒரு கல்லை இறக்கி வைக்கிற மாதிரி மூச்சுவிட்டாள். ஐந்தாவது நிமிஷம் எல்லா வாத்தியங்களும் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரே ஒரு வயலின் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விசில் கேட்டது. மேல் மாடத்தின் கோடியிலிருந்து. மெல்லியதாக, நீளமாக.

இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. அவர் கை விசைக்குப் போவதற்குள் இது நிற்க வேண்டும். ஓடினாள். கடைசித் தூணுக்குப் பின்னால் ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டிருந்தான், தொப்பியைக் கண்வரை இறக்கியிருந்தான், கையில் சாவி, சாவி உதட்டில். இரண்டாம் தடவை ஊத மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். ஸென்ஸி பின்னாலிருந்தே கையை வீசினாள். இருபது வருஷமாக எலும்பு உடைத்த கை. உள்ளங்கையைக் குழித்து, முழு வீச்சில், அவன் வலது காதில் இறக்கினாள். அவன் விழுவதற்குள் பிடரியைப் பிடித்து முகத்தைத் தூணில் ஒரு மோது மோதினாள். இன்னொரு தடவை மோதினாள். மூன்றாவது மோதலுக்கு இழுக்கும்போது தொப்பி விழுந்தது.

அந்தத் தலைமுடியை, அவனுக்கு ஆறு வயதானதிலிருந்து அவள்தான் சீவிவிட்டிருக்கிறாள்.

பிடியை விட்டாள். அவன் தூணோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். போன வருஷத்துத் தழும்பு மறுபடி கிழிந்து ரத்தம் வழிந்தது. காதிலிருந்தும் ரத்தம் வந்தது. முகத்து ரத்தத்தைவிட அது குறைச்சல், மெல்லிசாக ஒரு கோடுதான். ஸென்ஸி அதைத்தான் பார்த்தாள்.

"அது பாட்டுல இருக்குக்கா" என்றான் அம்ப்ரோஸ்.

உரக்கச் சொன்னான். தான் உரக்கச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. மாடத்தில் நாலு பேர் திரும்பினார்கள். ஸென்ஸி அவன் வாயைப் பொத்தினாள். அடித்த அதே கையால் பொத்தினாள். அவன் பற்கள் அவள் உள்ளங்கையில் உரசின.

இருந்ததுதான். தாளில் எழுதியே இருந்தது. நாலாம் பகுதி, எல்லாம் அடங்கின பிறகு, மேலே தூரத்திலிருந்து ஒரு வீட்டுச் சாவி, மென்மையாக, இரண்டு தடவை. ஆறு வருஷமாக இந்த ஊர் எனக்கு ஊதின சத்தம், தூக்கத்திலும் அதுதான் கேட்கிறது, அதற்கும் ஒரு இடம் கொடுத்துவிடுகிறேன் என்று லோத்தரிடம் சொல்லியிருந்தான். முரசு வாசிக்கிறவரிடம் சாவியைக் கொடுத்தார்கள். பதினோரு வருஷம் படித்தவன் நான், தெருப்பொறுக்கி மாதிரி சாவி ஊதமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். லோத்தர், சரி, அதை விட்டுவிடுவோம் என்றார். அம்ப்ரோஸ் விடவில்லை. சண்டை உச்சத்தில் இருந்தபோது ஓய்வறையிலிருந்து நழுவிப் பின்படியில் ஒளிந்திருந்து, இன்ஸ்பெக்டர் போட்ட நிபந்தனை எதுவும் தெரியாமல், நாலாம் பகுதி தொடங்கிய பிறகு மேலே ஏறி வந்து தன் பங்கை வாசிக்கக் காத்திருந்தான். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சாவி என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பயம். ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்தப் பாவி.

கீழே ஃபெர்டல் இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டைப் பிடித்து, ஆளைப் பிடித்தாயிற்று, இனிமேல் சத்தம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தான். லோத்தர் நிறுத்தவில்லை. விசில் சரியான இடத்தில் வந்ததும் யார் ஊதியது என்று அவருக்குப் புரிந்திருக்கும். பின்னால் கேட்ட மோதல் எதற்கு என்றுதான் புரிந்திருக்காது. அவருடைய கை உயர்ந்தது, வாத்தியங்கள் திரும்ப வந்தன.

அம்ப்ரோஸ் தலையை ஒரு பக்கம் திருப்பினான், மறுபக்கம் திருப்பினான். காதில் விரலைவிட்டு எடுத்தான். ஸென்ஸியின் முகத்தைப் பார்த்தான். அவள் கையை அவன் வாயிலிருந்து மெல்ல விலக்கி, இந்தத் தடவை உதடு மட்டும் அசைய, "வாசிக்கறாங்களா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூணில் சாய்ந்து, வலது கை ஆள்காட்டி விரலால் முழங்காலைத் தட்டத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சாவி ஊதின இடத்திலிருந்து ஆரம்பித்து, காதில் கேட்காத சிம்ஃபனியை உள்ளுக்குள்ளே ஓட்டிக்கொண்டு போனான். சில இடத்தில் விரல் நின்றது, சில இடத்தில் நடுங்கியது. ஒரு இடத்தில் அவன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி மலர்ந்தது. ஸென்ஸி பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். பிறகு அவனுக்குச் சொல்ல வேண்டுமே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதைத் தீட்டிக்கொண்டு அந்த இசையைக் கேட்டாள். எங்கே வயலின், எங்கே டிரம்பெட், எது எதற்குப் பிறகு என்று மனசில் பிடித்து வைக்கப் பார்த்தாள். ஒரு மண்ணும் நிற்கவில்லை. அவன் காதோரத்துக் கோடு கழுத்துக்கு இறங்கி, காலருக்குள் போவதுதான் தெரிந்தது. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் சத்தம் வரும், சத்தம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். முந்தானை இல்லாத ஊர், கை விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

முடிந்தது. கடைசியில் ஒரே சத்தமாக எல்லாரும் வாசித்து, சட்டென்று நிறுத்தினார்கள். கொஞ்சப் பேர் கை தட்டினார்கள். யாரோ ஒருவர் சீ என்றார், வேறொருவர் அவரை வாயை மூடச் சொன்னார். அடிக்கிற தெம்பு யாரிடமும் மிச்சமில்லை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி சூப் ஆறிக்கொண்டிருக்கும் என்ற ஞாபகம் வந்து, கோட்டையும் குடையையும் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். லோத்தர் மேடையில் அம்ப்ரோஸைத் தேடினார், காணாமல் உள்ளே போனார். வாத்தியங்களைப் பெட்டியில் போட்டு மூடினார்கள். ஊரில் முதல் தடவையாக அம்ப்ரோஸின் இசையைக் கடைசிவரை வாசித்திருக்கிறார்கள், ஸென்ஸி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

அம்ப்ரோஸின் விரல் மட்டும் நிற்கவில்லை. அடி வாங்கிய மயக்கத்தில் தொலைந்த நேரம் அவனுக்குத் தெரியாது. லோத்தரைவிட அவன் மெதுவாகவும் நடத்தினான். அவனுடைய எண்பத்தாறு பேர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸென்ஸி எழுந்து, படியிறங்கிப் போகிறவர்கள் அவன்மேல் இடிக்காமல், கவுனை அகலப் பரப்பி மறைத்து நின்றாள். தோளில் தட்டி முடிந்துவிட்டது என்று சொல்ல அவளுக்குக் கை வரவில்லை. மண்டபம் காலியாயிற்று. கீழே ஃபெர்டல் கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றான். மண்டபத்து ஆள் ஒருவன் கதவு சாத்த மாடத்துக்கு வந்து, எழுந்திருங்கள், இங்கே என்ன உட்கார்ந்துகொண்டு என்று அம்ப்ரோஸின் தோளைத் தொடக் குனிந்தான். ஸென்ஸி அவன் தொண்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினாள். அவன் குதிகால் தரையைவிட்டுக் கிளம்பியது. அவன் கண் பிதுங்க, முழங்காலில் ஓடுகிற அந்த விரலையே அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம் அப்படியே போயிற்று.

விரல் ஒரு தடவை ஓங்கித் தட்டி நின்றது. ஸென்ஸி கையை எடுத்தாள். மண்டபத்து ஆள் இருமிக்கொண்டே படியில் ஓடினான்.

அம்ப்ரோஸ் கண்ணைத் திறக்கவில்லை.

"யாராவது நடுவுல எழுந்து போனாங்களா அக்கா?" என்று கேட்டான். பிறகுதான் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஊதுனாங்களா?"

இல்லை என்று ஆட்டினாள்.

அவன் தூணைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து பார்த்தால் மாடத்துக் கைப்பிடிச் சுவர்தான் தெரியும், கீழே ஒன்றும் தெரியாது. "கை தட்டறாங்களா?" என்று கேட்டான்.

ஸென்ஸி அவன் முன்னால் மண்டி போட்டாள். இரண்டு கையையும் அவன் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். காலி மண்டபத்தில் அந்தச் சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பியது. பால்டுவினின் ரத்தமும் அவன் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்த கை. நிறுத்தினால் அடுத்து அவன் என்ன கேட்பானோ என்று பயந்து நிறுத்தாமல் தட்டினாள். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அவன் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் இரண்டு கையாலும் அவற்றைச் சேர்த்துப் பிடித்து மடியில் இறக்கி வைத்தான்.

"போதும்க்கா, கை வலிக்கும்" என்றான்.